மூன்று மணிப் பாலும் தொங்கும் ரயிலும்

காலை 7.40, மீனாட்சிபுரம். பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூருக்குப் போகும் பஸ் ஏழரைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் பாதிச் சாலைக்கு இறங்கி நின்று பொள்ளாச்சிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். செங்கல் லாரி வந்தது, வைக்கோல் டெம்போ வந்தது, கறிக்கோழி ஏற்றிய வண்டி வந்தது. பஸ் மட்டும் வரவில்லை.

“அம்மிணி, நீ எட்டிப் பாத்தா வண்டி ஓடியா வந்துரும்? இக்கட்டால வா, அடிச்சுட்டுப் போயிருவான்” என்றார் நங்கை.

நங்கை என்பது என் அண்ணன் மனைவி கலாமணி. எங்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவோம். வயது முப்பத்து மூன்று. அன்றைக்கு என்னுடைய பச்சைச் சுடிதாரைப் போட்டிருந்தார். சேலையோடு போனால் நாங்கள் ஏறப்போகும் விளையாட்டு ரயிலில் ஏற்றமாட்டார்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். தோள் கொஞ்சம் பிடித்ததால் கையைத் தூக்கும்போதெல்லாம் தையல் விட்டுவிடுமோ என்று அக்குளைப் பார்த்துக்கொண்டார்.

போகிற இடம் எலப்புள்ளியைத் தாண்டிக் கஞ்சிக்கோடு போகும் வழியில் இருக்கிற தீம் பார்க். போகிற காரணம், அங்கே புதிதாகத் திறந்திருக்கும் தலைகீழ் ரோலர் கோஸ்டர். சாதாரண கோஸ்டரில் தண்டவாளம் கீழே, பெட்டி மேலே. இதில் தண்டவாளம் மேலே இருக்கும். பெட்டி அதிலிருந்து தொங்கும். பெட்டி என்று சொல்வதுகூடத் தப்பு, வெறும் நாற்காலிதான். காலுக்குக் கீழே தரை கிடையாது. நான் இதுவரை மூன்று கோஸ்டர்களில் ஏறியிருக்கிறேன், மூன்றும் பழைய வகை. இந்த ஒன்றுக்காக நான்கு மாதமாகப் போனில் படம் சேர்த்து வைத்திருந்தேன். எத்தனை தூண், எத்தனை வளையம், எந்த வளையத்துக்குப் பிறகு எந்தத் திருகல் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்.

உடன் வருவதாக இருந்த கல்லூரித் தோழிக்கு அதே வியாழக்கிழமை வேலைக்கான நேர்முகத் தேர்வு வந்துவிட்டது. இரண்டு பேருக்கான வார நாள் டிக்கெட்டை 1,990 ரூபாய்க்கு முன்பே எடுத்தாயிற்று. வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தேன். தோசை ஊற்றிக்கொண்டிருந்த நங்கை திரும்பாமலே கேட்டார்:

“நான் வரட்டுமா?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. போன வருடம் அவருடைய அம்மாவைக் கண் சிகிச்சைக்காகக் கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஆறு முறை கூட்டிப் போனார். ஒவ்வொரு முறையும் பஸ் ஜன்னலில் அந்த வேலையைப் பார்த்தபடியே போயிருக்கிறார். “மொதல்ல வெள்ளைத் தூணுதான் நட்டாங்க. அடுத்த தடவ போறப்ப கிரேன்ல செவப்புப் பாளத்த மாட்டிட்டிருந்தாங்க. ஒரு வளையம் மட்டும் ஒரு மாசம் பாதியிலேயே நின்னுச்சு, மேல தொறந்த வாயாட்ட” என்றார். நான் படத்தில் பார்த்ததை அவர் நேரில் பார்த்திருந்தார்!

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அதன் பெயர் மைனா.

மைனா எங்கள் வீட்டு ஜெர்சிப் பசு. கன்று போட்டுப் பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது, கன்றும் தங்கவில்லை. காலைக் கறவை நாலரைக்கு, மத்தியானக் கறவை மூன்று மணிக்கு. பால் சொசைட்டியில் நாலேகால் வரைதான் எடுப்பார்கள். நங்கை கை வைத்தால்தான் மைனா பால் இறக்கும். வேறு யார் உட்கார்ந்தாலும் உதைக்கும், இல்லையென்றால் பாலை மடியிலேயே நிறுத்திக்கொள்ளும். இளம் பசுவின் மடியில் பால் தங்கினால் அடுத்த நாள் கல் மாதிரி இறுகிக் காய்ச்சல் வந்துவிடும். மைனாவின் தாய்க்கும் இதே குணம். ஆக ஒன்பது வருடமாக நங்கை மூன்று மணிக்கு வீட்டில் இல்லாமல் இருந்ததில்லை. கல்யாணம், காதுகுத்து எல்லாம் காலையில் போய் மத்தியானம் ஓடிவருவதுதான்.

ஒரு மாற்று ஏற்பாடு இருந்தது. நங்கை கறக்கும்போது சேலைக்கு மேலே அண்ணனுடைய பழைய நீலச் சட்டையைப் போட்டுக்கொள்வார். அது தொழுவத்து ஆணியில் தொங்கும். நேரமாகிவிட்டால் அண்ணன் அதை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டியது. வாசனையை நம்பி மாடு நிற்கும். பக்கத்து வீடுகளில் ஆண்கள் பெண்டாட்டி சேலையைப் போர்த்திக்கொண்டு கறப்பதை நானே பார்த்திருக்கிறேன். “அதெல்லாம் தேவைப்படாது, ரெண்டே காலுக்கு ஊட்டுல இருப்போம்” என்று நான்தான் உறுதி கொடுத்தேன். பத்து மணிக்குக் கேட் திறக்கும், பத்தரைக்கு ரயில், பன்னிரண்டுக்குத் திரும்ப பஸ். கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

8.05. பஸ் வந்தது. சித்தூர் வரை ஆளுக்கு 22 ரூபாய், இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டிரைவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் ஆளை ஏற்றினார். தை மாதத்துக் கிழக்குக் காற்று ஜன்னல் வழியாக மண்ணை வாரி இறைத்தது. எதிரில் உட்கார்ந்தவரின் லாட்டரிச் சீட்டுகள் பறந்து என் மடியில் விழுந்தன. பொறுக்கிக் கொடுத்தேன்.

“காத்து ரொம்ப இருக்குதே, அதுல ஏத்துவாங்களா?” என்றார் நங்கை.

எனக்கு அது அதுவரை தோன்றவேயில்லை. “ஏத்துவாங்க நங்கை, பெரிய இரும்புங்க அது” என்றேன். அதிலிருந்து சித்தூர் வரை ஜன்னலுக்கு வெளியே பனை ஓலைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. எல்லாம் மேற்கே சாய்ந்திருந்தன.

9.35, எலப்புள்ளி. சித்தூரில் வண்டி மாறி இன்னொரு பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கிருந்து ஆட்டோ, நூறு ரூபாய். திருப்பத்தில் நங்கைதான் முதலில் பார்த்தார். “அதா அதா” என்று என் தொடையில் அடித்தார். தென்னந்தோப்புக்கு மேலே சிவப்புத் தண்டவாளம் எழுந்து வளைந்து தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நின்றது. நான் ஆட்டோவுக்குள்ளேயே எழுந்து நின்று தலையை இடித்துக்கொண்டேன்.

10.00. கேட்டில் பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே எவர்சில்வர் தூக்கில் புளிச்சோறு. வெளிச் சாப்பாடு கொண்டுபோகக் கூடாதாம். கொட்டிவிடலாம் என்று நான் சொன்னதும் நங்கை என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். கேட்டுக்குப் பக்கத்தில் நின்றபடி, பத்து மணிக்கு, இரண்டு பேருக்குமான மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டோம். நான் மென்றேனா விழுங்கினேனா தெரியாது. பாதுகாவலருக்கும் ஒரு கை கிடைத்தது. அவர் ருசித்துத் தின்றுவிட்டு, “காற்றா, இப்போ ஓடுந்நில்ல” என்று மலையாளத்தில் சொன்னார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

10.25. ஓடவில்லைதான். நுழைவாயிலில் சங்கிலி போட்டிருந்தார்கள். ரயில் நிலையத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. வரிசைக்கு நான்கு இருக்கை, எட்டு வரிசை. பலகையில் உயரம் 33 மீட்டர், ஓடும் நேரம் 1 நிமிடம் 50 நொடி என்று எழுதியிருந்தது. சங்கிலிக்கு அந்தப் பக்கம் நீலச் சீருடையில் ஒரு பெண் வாக்கி டாக்கியோடு நின்றிருந்தாள். என் வயதுதான் இருக்கும். மலையாளத்தில் கேட்டேன். அவள் என்னையும் நங்கையையும் பார்த்துவிட்டுத் தமிழிலேயே பதில் சொன்னாள்.

“காத்து அம்பதத் தாண்டி அடிக்கிதுக்கா. கொறஞ்சாத்தான் விடுவாக. செத்த நேரம் வேற எதுலயாவது ஏறிட்டு வாங்க.”

அவள் பெயர் முத்துலட்சுமி. ஊர் வண்டன்மேடு. வீட்டில் எல்லோரும் ஏலத்தோட்டத்தில், இவள் மட்டும் டிப்ளமோ படித்துவிட்டு இறங்கி வந்திருக்கிறாள். “எங்க மலையில காத்துன்னா மரத்துக்குள்ளயே சுத்திக்கிட்டுக் கெடக்கும். இங்கன என்னடான்னா கிழக்க தொறந்துவிட்ட மாதிரி வருது” என்றாள்.

“உச்சிக்கு அடங்கீரும். எங்க காட்டுல பாத்திருக்கறனே” என்றார் நங்கை, ரொம்ப நிச்சயமாக.

உச்சிக்கு அடங்கவில்லை. பதினொன்றுக்கு அடங்கவில்லை, பன்னிரண்டுக்கு அடங்கவில்லை. நான் சங்கிலியை விட்டு நகரவில்லை, நகர்ந்தால் அந்த நேரத்தில் திறந்துவிடுவார்கள் என்று பயம். நங்கைக்கு அந்தப் பயம் எதுவும் இல்லை. ராட்டினத்தில் ஏறினார். படகு ஊஞ்சலில் இரண்டு தடவை ஏறினார். ஒவ்வொன்றிலிருந்தும் இறங்கிவந்து என்னிடம் அறிக்கை சொன்னார். “அந்தப் படகு ஒண்ணுமில்ல அம்மிணி, எங்க மாமன் ஊட்டு மாட்டுவண்டி இதைவிடக் குலுக்கும்.” நான் தலையாட்டிக்கொண்டே, கம்பத்தின் உச்சியில் சுழலும் காற்றுமானிக் கிண்ணங்களை எண்ண முயன்றுகொண்டிருந்தேன். நாற்பது ரூபாய்க்கு ஓர் எலுமிச்சைச் சாறு. பாதி காற்றிலேயே தெறித்தது.

1.20. நங்கை போனில் மணி பார்த்தார். “இப்பக் கெளம்புனாத்தான் சரியா இருக்கும்.”

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போல இருந்தது. இருபத்து மூன்று வயதில் ஒரு விளையாட்டு ரயிலுக்காக அழுவது நன்றாகவா இருக்கும்? பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். அந்த நேரத்தில் தலைக்கு மேலே கடகடவென்று சங்கிலி ஓடும் சத்தம் கேட்டது. ரயில் ஏறிக்கொண்டிருந்தது. இருக்கைகளில் மனிதர்கள் இல்லை, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பொம்மைகள். உச்சியில் ஒரு கணம் நின்று, அப்படியே தலைகுப்புற விழுந்து, முதல் வளையத்தில் புரண்டு எங்கள் மேலே சீறிக்கொண்டு போனது. பொம்மைகளுக்குக் கால் இல்லை. இருந்திருந்தால் நங்கையின் தலையைத் தொட்டிருக்கும் என்று அவர் குனிந்த விதத்தில் தெரிந்தது.

“ரெண்டு மூணு தடவ சும்மா ஓட்டிப் பாப்பாக. சரியா இருந்தா ரெண்டரைக்கு ஆள ஏத்துவோம்” என்றாள் முத்துலட்சுமி.

நங்கை ரயிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அண்ணனுக்குப் போன் போட்டார்.

“ஏனுங்க, எங்களுக்கு நேரமாகுமாட்ட இருக்குது. ஆணியில இருக்கற சட்டையப் போட்டுட்டு நீங்க கறந்துருங்க. மூணுக்கு உட்காருங்க. வெந்நித் தண்ணி வெச்சு மடியக் கழுவோணும், மறந்துறாதீங்க.”

அந்தப் பக்கம் அண்ணன் என்னமோ நீளமாகச் சொன்னார். “நிப்பா, நிப்பா. வாசம் இருக்குதில்லங்க” என்று நங்கை வைத்துவிட்டார்.

ஆணி, சட்டை என்றதும் எனக்கு எதுவோ உறுத்தியது. என்ன என்று அப்போது பிடிபடவில்லை.

2.45. வரிசை நகர ஆரம்பித்தது. எங்களுக்கு முன்னால் திருச்சூரிலிருந்து வந்த ஒரு கல்லூரிக் கூட்டம், எழுபது பேர் இருக்கும். ஒரு ஓட்டத்துக்கு முப்பத்திரண்டு பேர். கணக்குப் போட்டேன், மூன்றாவது ஓட்டத்தில் நாங்கள். ரயில் நிலையத்துக்குள் வந்து நின்றதும் கீழிருந்து தரைத் தகடு எழுந்து காலுக்கு நிலம் கொடுக்கும். எல்லோரும் உட்கார்ந்து பூட்டிக்கொண்டதும் தகடு இரண்டாகப் பிரிந்து கீழே இறங்கிவிடும். முப்பத்திரண்டு ஜோடிக் கால்கள் திடீரென்று வெறும் காற்றில். ஒவ்வொரு முறையும் அந்தக் கணத்தில் ஒரு சின்ன ‘ஐயோ’ வரும். அது எல்லா மொழியிலும் ஒரே மாதிரி இருந்தது.

3.05. அண்ணனிடமிருந்து போன். நங்கை ஸ்பீக்கரில் போட்டார்.

“உன்ற மாடு என்னைக் கொல்லப் பாக்குது. வாளிய ஒதச்சுத் தள்ளியாச்சு. ஒரு சொட்டு எறக்கல.”

“சட்டையப் போட்டிருக்கறீங்களா?”

“போட்டிருக்கறேன், போட்டிருக்கறேன். மல்லிகப்பூவாட்ட மணக்குது இந்தச் சட்ட. கல்யாணத்துக்குப் போறாப்பல இருக்குது. என்னத்தப் பண்ணி வெச்ச?”

நங்கை புருவத்தைச் சுருக்கினார். மத்தியானம் என்னை உறுத்தியது எதுவென்று இப்போது தெரிந்துவிட்டது. முந்தின நாள், நங்கைக்கு வேலை மிச்சமாகட்டும் என்று, கொடியில் கிடந்தது ஆணியில் தொங்கியது எல்லாவற்றையும் வாரி வாஷிங் மெஷினில் போட்டவள் நான். கடைசி அலசலுக்கு வாசனைத் திரவம் ஒரு மூடிக்கு இரண்டு மூடியாக ஊற்றியவளும் நான். மாட்டு வீட்டில் பிறந்து வளர்ந்த யாரும் செய்யாத காரியம். படித்தவள் செய்தேன்.

“நான்தானுங்க தொவச்சுட்டேன்” என்றேன்.

நங்கை திட்டவில்லை. போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். “போனை மைனா காதுகிட்டக் கொண்டுபோங்க.” பிறகு, முன்னும் பின்னும் கல்லூரிப் பிள்ளைகள் நிற்க, தலைக்கு மேலே ரயில் கத்திக்கொண்டு போக, மாட்டோடு பேச ஆரம்பித்தார்.

“மைனா… என்ற சாமீ… என்னடி ஒதைக்கற? நான்தான்டி. நில்லு, நில்லு. காலக் கொஞ்சம் பின்னால வெய்யி. ஆங். என்ற தங்கமல்ல…”

வரிசையில் சிரிப்பு கிளம்பியது. ஒருத்தன் போனைத் தூக்கிப் படம் பிடித்தான், நான் முறைத்ததும் இறக்கினான். அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் குரல்: “காத ஆட்டுது. நீ பேசு, நிறுத்தாத.” கொஞ்ச நேரத்தில் வாளியில் பால் விழும் சத்தம் லேசாகக் கேட்டது. சர்… சர்… வரிசையில் இருந்தவர்களே அமைதியாகிவிட்டார்கள். ஒரு பெண் கையைத் தட்டினாள்.

3.14. சங்கிலி திறந்தது. எங்கள் முறை. முத்துலட்சுமி கையை நீட்டினாள்.

“அக்கா, போன லாக்கர்ல வைக்கணும். தாலிக்கொடிய உள்ள விட்டு ஊக்குப் போட்டுக்கோங்க. செருப்பு அங்கன.”

நங்கை பேச்சை நிறுத்தினார். பாலின் சத்தமும் நின்றது. “ஏய், நின்னுருச்சு!” என்று அண்ணன் அலறினார்.

“மாடு கறந்துக்கிட்டு இருக்கு” என்று நான் முத்துலட்சுமியிடம் சொன்னேன். இதைவிடக் கிறுக்கான வாக்கியத்தை அந்த நிலையத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவள் சிரிக்கவில்லை. வாக்கி டாக்கியைக் காதில் வைத்துக் கேட்டாள். “இல்லக்கா, தள்ளி நின்னு அடுத்த ஓட்டத்துல ஏறச் சொல்லுவேன், ஆனா காத்து மறுபடி ஏறுதாம். இதுதான் கடைசி ஓட்டமா இருக்கும். போறவுக போங்க, நிக்கிறவுக நில்லுங்க.”

“அம்மிணி, நீ போ. உனக்குத்தான ஆசை. நான் இப்புடி நின்னு பேசிக்கறேன்” என்றார் நங்கை.

அவர் அப்படிச் சொல்லும்போது கண் என் மேல் இல்லை. வலது கோடி இருக்கையில் இருந்தது. பஸ் ஜன்னலிலிருந்து தூண் தூணாகப் பார்த்தவர் அவர். சட்டையைத் துவைத்தவள் நான். நான்கு மாதம் சேர்த்த படங்கள் ஒருமுறை கண்ணுக்குள் ஓடின. எனக்கு ஆசை இல்லாமல் இல்லை, தொண்டை வரைக்கும் இருந்தது. போனை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

“நீங்க போங்க.”

“உன்ற கொரலு அவளுக்குத் தெரியாதே!”

“நீங்க போங்க நங்கை! பூட்டறாங்க!”

முத்துலட்சுமி அவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்துப் பூட்டை இறக்கி இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். தரைத் தகடு இறங்கியது. நங்கையின் கால்கள் தொங்கின. அவர் ‘ஐயோ’ சொல்லவில்லை. குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார், யாருடையதோ என்பது போல.

3.17. நான் படியிறங்கிக் கம்பி வேலிக்கு ஓடினேன். போனில் அண்ணன்: “எங்க அவ? பேசச் சொல்லு!”

“நங்கை ஏறிட்டாங்ணா. நீங்களே பேசுங்க.”

“நானா? என்னத்தப் பேசறது மாட்டுகிட்ட?”

“நங்கை என்ன பேசுவாங்களோ அத.”

“அவ என்ன பேசுவாள்னு எனக்கெப்படித் தெரியும்? அந்நேரம் நான் கடையில டீயல்ல குடிச்சிட்டிருப்பன்!”

ஒன்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கும் மனிதர். எனக்குக் கோபம் வந்தது. “எதையாச்சும் பேசுங்ணா. வாசந்தான் போச்சு, வாய் இருக்குதில்ல?”

மேலே சங்கிலி கடகடத்தது. நான் ஒரு காதை ரயிலுக்கும் ஒரு காதைப் போனுக்கும் கொடுத்தேன். சற்று நேரம் அந்தப் பக்கம் மாடு மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு அண்ணன் தொண்டையைச் செருமினார், யாரோ பெரிய மனிதரிடம் பேசப் போவது போல.

“மைனா… இங்க பாரு. அவ இல்ல. ரயில்ல போயிருக்கறா. ரயிலுன்னா கீழ போற ரயிலு இல்ல, தொங்கற ரயிலாமா. எனக்கும் வெளங்கல. நீ நில்லு.” கொஞ்சம் இடைவெளி. “பயந்துக்குவாளோ என்னமோ. கெணத்த எட்டிப் பாக்கவே என்ற கையப் புடிச்சுக்குவா, தெரியுமா உனக்கு? கல்யாணமான புதுசுல. இப்பெல்லாம் புடிக்கறதில்ல. நானும் கேக்கறதில்ல… நீ நில்லு சாமீ. அவ வந்துருவா. வந்தா உனக்குத்தான் மொதல்ல புண்ணாக்கு, எனக்கு அப்பறந்தான் சோறு. ஒதைக்காத…”

ரயில் உச்சியைத் தாண்டியது. விழுந்தது. முதல் வளையம், திருகல், அடுத்த வளையம். படங்களில் பார்த்த வரிசை ஒன்றுகூட எனக்கு நினைவு வரவில்லை. முப்பத்திரண்டு ஜோடிக் கால்கள் என் தலைக்கு மேலே சுழன்று வந்தன. எல்லாக் கால்களும் மடங்கி, ஒன்றோடொன்று பின்னி, இருக்கைக்கு அடியில் ஒளிந்துகொள்ளப் பார்த்தன. வலது கோடியில் மட்டும் இரண்டு கால்கள், பச்சைச் சுடிதார், வெள்ளி மெட்டி, நேராக, தளர்வாக, ஆற்றில் விட்ட மாதிரி தொங்கிக்கொண்டு போயின.

காதில் ஒரு சத்தம். சர். பிறகு நீளமாக, சர்ர்… சர்ர்… அண்ணன் பேச்சை நிறுத்தவில்லை. வரப்புத் தகராறு, போர் மோட்டார், சொசைட்டித் தேர்தல் என்று எல்லாவற்றையும் மாட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒட்டுக் கேட்கிறோம் என்று தெரிந்தும் வைக்கவில்லை.

3.30. நங்கை இறங்கி வந்தார். தலைமுடி முழுவதும் பின்னால் போய் நின்றிருந்தது.

“அம்மிணி, தென்னைக்கு மேல போயிட்டேன். பாளையில கட்டியிருந்த கள்ளுக் கலயத்துக்கு உள்ளயே பாத்தேன், பாதிதான் இருந்துச்சு. அப்பறம் ஒண்ணுமே தெரியல. தலை எங்க, காலு எங்க… நான் கத்துனனா?”

“கேக்கலீங்க.”

“கத்தோணும்னுதான் வாயத் தொறந்தேன். காத்து உள்ள பூந்துருச்சு.” சிரித்தார். செருப்பில் கால் நுழைத்துக்கொண்டே கேட்டார்: “கறந்தாச்சா? இல்ல ஓடோணுமா?”

“கறந்தாச்சுங்க. ஏழே முக்கா லிட்டர். அண்ணன் சொசைட்டிக்குக் கொண்டு போயிட்டார்.”

“மைனா எறக்குனாளா? அவருக்கா?”

“பேசிட்டே கறந்தார்.”

நங்கையின் ஒரு கால் செருப்புக்கு வெளியே அப்படியே நின்றது.

பின்னால் சங்கிலியை மறுபடி போட்டார்கள். காற்றுமானி மறுபடி வேகமாகச் சுழன்றது. முத்துலட்சுமி என்னுடைய டிக்கெட்டை மட்டும் வாங்கி, பின்புறம் ஒரு முத்திரை குத்திக் கொடுத்தாள். இன்றைக்கு ஏறாதவர்கள் ஒரு மாதத்துக்குள் இன்னொரு நாள் வரலாமாம். “மே மாசம் காத்து இருக்காது, ஆனா அதுக்குள்ள உங்க சீட்டு காலாவதியாயிரும். அடுத்த வாரமே வந்துருங்க தங்கச்சி, காலையிலயே” என்றாள். காலையில் அக்கா என்றவள் இப்போது தங்கச்சி என்றாள். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

4.20. எலப்புள்ளியில் பஸ். உட்கார இடம் கிடைத்தது. திருப்பம் வரும்வரை திரும்பித் திரும்பி அந்தச் சிவப்பு வளையங்களைப் பார்த்தேன். இந்தப் பயணத்தில் நான் ஏறியது நான்கு பஸ், இரண்டு ஆட்டோ. கோஸ்டரைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்வதெல்லாம் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தது. அதனால் இரண்டாவது வளையத்தில் வயிறு என்ன செய்யும் என்று நங்கையிடம் கேட்க வேண்டும் என்று பரபரத்தேன். ஆனால் அவர் சித்தூர் வரை பேசவில்லை. மயக்கமோ என்று எலுமிச்சை வாங்கிக் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டார். வண்டி மாறித் தத்தமங்கலம் தாண்டியதும் தானாகவே சொன்னார்.

“ஒம்பது வருசம் அம்மிணி. என்ற தங்கச்சி கல்யாணத்துல பந்தியில பாதியில எந்திரிச்சு வந்தேன். எங்கப்பனுக்குக் காரியம் பண்றப்ப மூணு மணிக்கு ஓடியாந்தேன். என்ற கை இல்லாட்டி எறக்க மாட்டாள்னு ஊரே சொல்லுச்சு. பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல.” எலுமிச்சையை உருட்டினார். “பேசுனாப் போதுமாமே. யாரு பேசுனாலும்.”

“யாரு பேசுனாலும் இல்லீங்க. அண்ணன் பேசுனது…” என்று ஆரம்பித்து, கிணற்றைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்து நிறுத்திக்கொண்டேன். அதைச் சொல்ல வேண்டியவர் நான் இல்லை.

அவர் போனை எடுத்தார்.

“ஏனுங்க, வந்துட்டிருக்கறோம். ஆறு மணியாகும். நாளைக்குக் காலைலயும் நீங்களே கறந்துருங்க.”

அண்ணன் குரல், எனக்கே கேட்கும்படி: “நாலரைக்கா?”

“நாலரைக்குத்தான்.”

“நீ?”

“நான் தூங்குவன்.”

போனை அணைத்துப் பைக்குள் போட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, முன் இருக்கைக்கு அடியில் கால்களை நீட்டினார். எதிர்க் காற்றுக்கு ஜன்னலை இறக்கலாமா என்று கேட்கத் திரும்பினேன். தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. எனக்குக் கேட்க நூறு கேள்வி இருந்தது. மீனாட்சிபுரம் வருகிற வரைக்கும் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.